மலைநாட்டில் கிடைக்கும் பழைய அரக்குத் தட்டுகள்: வாங்குமுன், கழுவுமுன், ஊசி வைக்குமுன்

கேள்வி இது: நுவரெலியாவில் ஒரு பழைய சாமான் கடையில் அறுபது எழுபது கிராமபோன் தட்டுகள் மரப்பெட்டியோடு விலைக்கு இருக்கின்றன. தமிழும் ஆங்கிலமும் கலந்து கிடக்கின்றன, சிலவற்றின் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம். மொத்தமாக வாங்கலாமா? வீட்டில் இருக்கும் சூட்கேஸ் மாதிரி ரெக்கோட் பிளேயரில் போட்டுக் கேட்கலாமா? எதைக் கொண்டு கழுவுவது?

அவசரமான இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த பிளேயரில் இப்போதைக்கு ஒரு தட்டையும் போடாதீர்கள். ஸ்பிரிட், கொலோன், கை கழுவும் சானிடைசர் எதையும் தட்டில் படவிடாதீர்கள். அரக்கு மதுசாரத்தில் கரையும். ஒரு துளி விழுந்த இடத்தில் பாட்டு அழிந்துவிடும், எதைச் செய்தாலும் திரும்பி வராது. மற்றதெல்லாம் ஆறுதலாகச் செய்யக்கூடிய வேலை.

இந்தத் தட்டு எதனால் ஆனது என்று தெரிந்தால் மீதி விஷயம் தானாகப் புரியும். மரத்தில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின்தான் இதைப் பிடித்து வைத்திருக்கும் பசை. ஆனால் தட்டில் அரக்கு மூன்றிலொரு பங்குகூட இராது. பெரும்பகுதி கல்மாவும் சுண்ணாம்புக்கல் மாவும். கூடவே பஞ்சு இழை, கறுப்புக்குக் கரித்தூள். கையில் எடுத்தால் கல்போலக் கனப்பதும், விழுந்தால் ஓடுபோல் உடைவதும், ஊசியைத் தேய்ப்பதும் அந்தக் கல்மாவால். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிப்பது பஞ்சு இழையாலும், லேபிள் கடதாசியாலும், அதை ஒட்டிய பசையாலும். வெயிலில் வைத்தால் அப்பளம்போல் வளைவது அரக்கால். பின்னாளில் வந்த எல்.பி. தட்டு வினைல் பிளாஸ்டிக். அது வளைந்து கொடுக்கும், இது கொடுக்காது. லேபிளில் 78 (நிமிடத்துக்கு 78 சுற்று என்ற வேகம்) என்று போட்டிருந்தாலும், வேகமே போடாமல் 10 அங்குலத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் இருந்தாலும், அநேகமாக அரக்குதான். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல், 12 அங்குலத்தில் நாலரை நிமிடம் வரை ஓடும்.

மலைநாட்டுப் பெட்டிகளில் தமிழும் ஆங்கிலமும் கலந்து கிடப்பதற்கு வரலாறு இருக்கிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை ரயிலும் கப்பலும் சேர்ந்த பாதை இருந்தது. ஊருக்குப் போய்வரும் தோட்டத்துச் சனம் அதில்தான் போய்வந்தது. இந்தியாவில் அச்சான தட்டு இங்கே வர வழி சுலபம். அதே 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதினார்கள். பெட்டி படுக்கையோடு கப்பலேறுகிறவர்கள் இருபது கிலோ கண்ணாடி மாதிரிச் சாமானைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போனபோது பங்களாக்களும் காலியாயின. இரண்டு திசையில் போனவர்கள் விட்டுச்சென்றவை ஒரே பழைய சாமான் கடையில் வந்து சேர்ந்தன. அதனால் ஒரு தட்டைப் பார்க்கும்போது அது யார் வீட்டில் ஓடியது என்று யோசியுங்கள். அதன் நிலைமையை அது பாதி சொல்லிவிடும்.

துரை பங்களாவில் இருந்து வந்தவை பெரும்பாலும் ஆங்கில நடன இசை, ராணுவ வாத்தியம், கிறிஸ்மஸ் கீதங்கள், மேற்கத்திய சாஸ்திரிய இசை. விக்டர் சில்வெஸ்டரின் நடன வாத்தியக் குழு, பிங் குரொஸ்பி, கிரேஸி ஃபீல்ட்ஸ் தட்டுகள் லட்சக்கணக்கில் அச்சானவை. உலகத்தில் எந்தப் பழைய சாமான் கடையிலும் கிடைக்கும். கேட்க நல்லது, விலைக்கு ஒன்றுமில்லை. சாஸ்திரிய இசைத் தட்டுகள் கனமான அட்டைப் புத்தகத்தில் நாலு, ஐந்து, ஆறு தட்டாகச் சேர்ந்து வரும். அவற்றில் ஒரு தட்டின் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 8 என்றிருந்தால் யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாகத் தானே விழுத்தும் இயந்திரத்துக்காக அப்படி அச்சிட்டார்கள்: 1, 2, 3, 4 ஓடி முடிய, அடுக்கை அப்படியே கவிழ்த்துப் போட்டால் 5 முதல் 8 வரை ஓடும்.

தமிழ்த் தட்டுகள் இரண்டு வழியில் வந்திருக்கும். பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, கடை முதலாளி வீடுகளில் கிராமபோன் இருந்தது. அங்கே விசேஷ நாளில் மட்டும் ஓடிய தட்டு நல்ல நிலையில் இருக்கும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஸ்பீக்கர் கட்டியவர்களிடம் இருந்த தட்டு வேறு சாதி. விடியற்காலையில் இருந்து நடுச்சாமம் வரை, கனமான ஊசித்தலையில், ஊசியை மாற்ற நேரமில்லாமல் ஓட்டிய தட்டுகள் அவை. லேபிளில் பெயின்ட்டால் எழுதிய இலக்கமோ சவுண்ட் சேர்விஸ் முத்திரையோ இருந்தால் அந்த இனம்தான். அபூர்வமான பாட்டாக இருந்தாலொழிய விலை குறைத்துக் கேளுங்கள்.

லேபிளை வாசிக்கும் முறை. நாய்ப் படம் போட்டது எச்.எம்.வி. (ஹிஸ் மாஸ்டர்ஸ் வொய்ஸ்) கம்பனித் தட்டு. அந்த நாய் லேபிளில் ஏறியது 1909 வாக்கில். அதற்கு முன் எழுதும் தேவதைப் படம். ஒரு பக்கம் மட்டும் பாட்டு, மறுபக்கம் வெறுமை என்றால் அநேகமாக 1908க்கு முந்தியது. இந்தியத் தட்டுகளை 1908 வரை ஜெர்மனியின் ஹனோவரில் அச்சிட்டு அனுப்பினார்கள். அந்த வருடம் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை திறந்தார்கள், பிறகு டம்டம்மில் பெரியது வந்தது. ஆகவே லேபிளில் ஹனோவர் என்று இருந்தால் கையை உதறாமல் மெதுவாகக் கீழே வையுங்கள். அது மிகப் பழையது. டம்டம் என்று இருந்தால் வழக்கமானது. அந்த முற்காலத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடகர் தன் பெயரைச் சொல்லுவார். 1902 இல் கல்கத்தாவில் பதிவான கௌஹர் ஜானின் தட்டுகள் அதற்குப் பேர்போனவை. கடல்தாண்டி அச்சிடுகிறவர்களுக்கு மொழி தெரியாது. யாருடைய தட்டு என்று அடையாளம் காண அந்தக் குரல் உதவியது.

அச்செண் என்பது லேபிளைச் சுற்றியுள்ள வெறும் வளையத்தில் பொறித்த இலக்கம். எச்.எம்.வி. தட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன முக்கோணம் இருந்தால் மின்சார ஒலிவாங்கியில் பதிந்தது, 1925க்குப் பிந்தியது. சதுரம் இருந்தால் 1931க்குப் பிந்தியது. கொலம்பியா என்ற கம்பனியின் தட்டில் வட்டத்துக்குள் டபிள்யூ முந்தியது, வட்டத்துக்குள் சி பிந்தியது. இந்தக் குறி எதுவுமே இல்லாத பழைய தட்டு, பாடகர் ஒரு குழலுக்குள் தலையை நீட்டிப் பாடியதாக இருக்கக்கூடும். லேபிள் கிழிந்திருந்தாலும் இந்த வளையத்தை வைத்துத் தட்டை அடையாளம் காணலாம். அதனால் லேபிள் போனது என்று எதையும் தூக்கி எறிய வேண்டாம்.

பட்டியல் எண்ணின் முன்னெழுத்தும் உதவும். எச்.எம்.வி.யின் ஆங்கிலத் தட்டில் பி என்றால் 10 அங்குலம், சி என்றால் 12 அங்குலம், டி.ஏ., டி.பி. என்பவை சிவப்பு லேபிள் பிரபலங்கள். இந்தியத் தட்டில் என் என்ற எழுத்தும், கொலம்பியாவில் ஜி.இ. என்பதும் அடிக்கடி வரும். டுவின் என்பது எச்.எம்.வி. கம்பனியே மலிவாக விற்ற பெயர். ஓடியன் என்றால் சென்னையைத் தேடுங்கள்: ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கூட்டாளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ்தான் 1930களில் அந்தப் பெயரில் தென்னிந்தியப் பாட்டுகளை வெளியிட்டது.

இனி எது சாதாரணம், எது அரிது. டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா, ஜிக்கி, ஏ.எம். ராஜா, சீர்காழி கோவிந்தராஜன் பாடிய 1950கள், 60களின் சினிமாத் தட்டுகள்தான் அதிகம் கிடைக்கும். மற்ற நாடுகள் 78ஐ விட்டபிறகும் இந்தியாவில் 1960களின் நடுப்பகுதி தாண்டியும் அச்சிட்டார்கள், அதனால் பீட்டில்ஸ் பாட்டுக்கூட இந்திய 78 தட்டில் உண்டு. அது கிடைத்தால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை தருவார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, என்.எஸ். கிருஷ்ணன்–மதுரம் தட்டுகள் நடுத்தரம்: கிடைக்கும், ஆனால் நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் எல்லோரும் ஓட்டித் தேய்த்துவிட்டார்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி நாதஸ்வரத் தட்டும் இப்படித்தான். எஸ்.ஜி. கிட்டப்பா 1933 இல், இருபத்தேழு வயதில் இறந்தவர். சினிமாவில் அவர் குரல் இல்லை, இருப்பது தட்டில் மட்டுமே. அவரும் கே.பி. சுந்தராம்பாளும் சந்தித்ததே இலங்கைக்கு நாடகம் நடிக்க வந்தபோது. அந்தக் காலத்து நாடகப் பாட்டு, நாடக செட் (ஒரு நாடகத்தைப் பல தட்டில் பதிந்த தொகுப்பு), பக்திப்பாடல், நாதஸ்வரம் தமிழில் எது கண்ணில் பட்டாலும், விரிசல் இருந்தாலும், விடாதீர்கள். சிங்களத் தட்டுகளையும் தள்ளிவிட வேண்டாம். நூர்த்தி நாடகப் பாட்டும் சுனில் சாந்தவின் தட்டும் தேடுகிற ஆட்கள் கண்டியிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள், மாற்றிக்கொள்ளலாம்.

கடையில் சோதிப்பது இப்படி. தட்டைப் பெட்டியிலிருந்து விளிம்பைப் பிடித்து நேராக மேலே இழுங்கள், ஒரு மூலையைப் பிடித்து நெம்ப வேண்டாம். நடு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தொங்கவிட்டு, விளிம்பில் நகத்தால் லேசாகத் தட்டுங்கள். கிண்ணென்று ஓசை வந்தால் முழுத்தட்டு. மொத்தென்று வந்தால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. காகித அடுக்கை நடுவில் வைத்து அழுத்திய கொலம்பியாத் தட்டு மட்டும் முழுதாக இருந்தாலும் கொஞ்சம் மந்தமாகவே ஒலிக்கும்; அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சரித்துப் பிடியுங்கள். நல்ல பள்ளம் (பாட்டுப் பதிந்த, ஊசி ஓடும் சுழல்கோடு) கறுப்பாக மினுங்கும். தேய்ந்த பள்ளம் சாம்பல் நிறம், அதிலும் குரல் உச்சத்துக்குப் போகும் இடங்களும் லேபிளுக்கு அருகிலுள்ள கடைசிச் சுற்றுகளும் முதலில் வெளுக்கும். சாம்பல் நிறம் அடுப்புப் புகையாலும் வரும், ஆகவே ஈரத் துணியால் ஓர் அங்குலம் துடைத்துப் பாருங்கள். கறுப்பு வெளிவந்தால் அழுக்கு, வராவிட்டால் தேய்வு. தேய்வுக்கு வைத்தியம் இல்லை. தட்டு முழுக்க எண்ணெய்போலப் பளபளத்தால் கடைக்காரர் தேங்காய் எண்ணெயோ சப்பாத்து பொலிஷோ பூசியிருக்கலாம். கழுவிப் பார்க்கும்வரை அதன் நிலைமை தெரியாது என்று சொல்லியே பேரம் பேசுங்கள்.

மொத்தமாக வாங்குவதா என்றால், பேசத் தகுந்த தமிழ்த் தட்டு எத்தனை என்று எண்ணி அதற்கு மட்டும் விலை போடுங்கள். ஆங்கிலத் தட்டு இனாம் மாதிரி. பெட்டியோடு பளபளவென்று பெரிய பித்தளைக் குழல் வைத்த, நாய்ப் பட்டயம் ஒட்டிய கிராமபோனும் சேர்த்துத் தருகிறேன் என்றால் கவனம்: இந்தியாவில் அண்மைக் காலத்தில் அலங்காரத்துக்குச் செய்து குவித்த போலிகள் அநேகம். உண்மையாகத் தோட்டங்களில் இருந்தவற்றில் பல, சூட்கேஸ் போல மடிக்கும் கறுப்புப் பெட்டிகள், எச்.எம்.வி. 102 என்ற மாதிரி 1931 முதல் 1958 வரை விற்றது. அது கிடைத்தால் நல்லது.

வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவருவதிலும் தட்டு உடைகிறது. படுக்க அடுக்காதீர்கள். தட்டைவிட ஓர் அங்குலம் பெரிதான காட்போட் மட்டை முன்னும் பின்னும் வைத்து, நிமிர்த்தி, அசையாமல் பெட்டியை நிரப்புங்கள், வெற்றிடத்தில் துணி. ஹற்றன், தலவாக்கலைப் பாதை வளைவுகளில் பஸ்ஸின் மேல் தட்டில் வைக்கவே கூடாது, காலடியில் அல்லது மடியில். 10 அங்குலத் தட்டு ஐம்பது சேர்ந்தால் பத்துக் கிலோவைத் தாண்டும், ஆகவே ஒரு பெட்டிக்கு முப்பதோடு நிறுத்துங்கள்.

கழுவுவதற்கு வேண்டியவை: காய்ச்சி வடித்த தண்ணீர் (பெட்டரிக்கு ஊற்ற கராஜ்களில் விற்பது போதும், அசிட் கலந்ததல்ல என்று பார்த்து வாங்குங்கள்), பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பெயின்ட் பிரஷ் அல்லது குழந்தைப் பல்துலக்கி, பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி வேட்டித் துணி. ஒரு லீற்றர் தண்ணீருக்கு மூன்று நான்கு துளி திரவம். அதற்கு மேல் வேண்டாம். கட்டிச் சவர்க்காரமும் சலவைச் சோடாவும் கூடாது, ஏனென்றால் அரக்கு காரத்திலும் இளகும். தண்ணீர் குளிர்ந்ததோ கை பொறுக்கும் இளஞ்சூடோ போதும்.

லேபிளைக் காப்பாற்ற ஒரு கருவி செய்துகொள்ளலாம். லேபிளைவிட அரை அங்குலம் அகலமான இரண்டு பிளாஸ்டிக் மூடிகள், அவற்றின் விளிம்புக்கு சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம், நடுவில் துளை போட்டு ஒரு கால் அங்குல போல்ட், சிறகு நட். தட்டின் நடு ஓட்டைக்குள் அந்த போல்ட் சரியாகப் போகும். விரலால் முறுக்கும் அளவு போதும். குறடு போட்டால் தட்டு பிளந்துவிடும்.

பூஞ்சணம் பிடித்த தட்டை முதலில் வீட்டுக்கு வெளியே, முகமூடி போட்டுக்கொண்டு, காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் அது பள்ளத்துக்குள் அப்பிக்கொள்ளும். பிறகு பிரஷை நீரில் நனைத்து, பள்ளம் போகும் வட்டத்திலேயே சுற்றிச் சுற்றித் தேயுங்கள். குறுக்கே ஒருபோதும் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம், உடனே வெறும் வடித்த தண்ணீரால் அலசல். ஊறவைக்கக் கூடாது: உள்ளே இருக்கும் பஞ்சு இழை தண்ணீர் குடித்து உப்பினால் மேற்பரப்பு சொரசொரக்கும். விரிசல் உள்ளதையும் காகித அடுக்குத் தட்டையும் கழுவவே வேண்டாம், பிழிந்த ஈரத்துணியால் துடைத்தால் போதும். விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் அடுக்கு பிரிந்துவிடும். வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, கோப்பைத் தட்டு நிறுத்தும் ராக்கையில் நிமிர்த்தி வையுங்கள். கொழும்பில் இரண்டு மணி நேரத்தில் காய்வது நுவரெலியா மூடுபனியில் ஓர் இரவு எடுக்கும். அவசரப்பட்டு அடுப்பங்கரையிலோ வெயிலிலோ ஹெயார் டிரையரிலோ காயவைத்தால் வளையும். பூஞ்சணம் போனபின் சிலவற்றில் மங்கிய பொட்டு நிற்கும். அது பூஞ்சணம் மேற்பரப்பை அரித்த தழும்பு. அந்த இடத்தில் சரசரப்பு இருக்கும், மேலும் தேய்த்துப் பயனில்லை.

கழுவினதைப் பழைய உறைக்குள் திரும்பப் போடாதீர்கள். அந்த உறையில்தான் பூஞ்சண வித்து இருக்கிறது. கடையின் பெயரோ விளம்பரமோ அச்சிட்ட உறையானால் தனியே உலர்த்திப் படம் எடுத்து வையுங்கள், அதுவும் சரித்திரம். தட்டுக்குப் புதிய கடதாசி உறை, பிளாஸ்டிக் வேண்டாம், பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளே அடைக்கும். நிமிர்த்தி, ஆறேழு அங்குலத்துக்கு ஒரு தடுப்புப் பலகை வைத்து, 10 அங்குலமும் 12 அங்குலமும் கலக்காமல் அடுக்குங்கள்; கலந்தால் சின்னதின் விளிம்பு பெரியதை அழுத்தி உடைக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். மே தொடங்கித் தென்மேற்குப் பருவம் முடியும்வரை வெளிச்சுவர் நனைந்தே இருக்கும். ஆகவே அலுமாரியை வெளிச்சுவரிலும் சமையலறைச் சுவரிலும் சாய்க்காமல், உட்சுவரில், நிலத்திலிருந்து அரை அடி உயர்த்தி, பின்னால் மூன்று அங்குலம் காற்றோட இடம் விட்டு வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பாவிக்கலாம். ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள்; 50 வீதத்துக்குக் கீழே வைத்தால் பூஞ்சணம் வளராது.

இப்போது ஊசி. சூட்கேஸ் பிளேயரில் 33, 45, 78 என்று மூன்று வேகமும் இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. வேகம் இருக்கிறது, ஊசி இல்லை. எல்.பி. ஊசியின் நுனி 18 மைக்ரோன் அளவு, 78இன் பள்ளத்துக்கு வேண்டியது 75 மைக்ரோன், அதாவது 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). சின்ன நுனி பள்ளத்தின் அடியில் போய், எழுபது வருடக் குப்பையில் உருண்டு ஓடும். சத்தம் முழுக்க இரைச்சல், குரல் மெலிவு. அதைவிட மோசம், கல்மா அந்த நுனியை அரித்துவிடும், பிறகு அதே ஊசி உங்கள் எல்.பி.களைக் கீறும். பல பிளேயர்களின் தலைக்கு 78 ஊசி தனியாக விற்கிறார்கள். மாதிரி இலக்கத்தைச் சொல்லி 3 மில் என்று கேட்டு வாங்குங்கள். பழைய ரேடியோகிராம்களில் ஊசித்தலையில் சின்ன நெம்புகோல் இருக்கும், ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்.பி. அழுத்தத்தை ஊசி செய்தவர் சொன்ன அளவில் வையுங்கள், எல்.பி.க்கு வைக்கும் 2 கிராமில் சில 78 ஊசிகள் துள்ளிவிடும்.

சாவி முறுக்கும் கிராமபோன் என்றால் இரும்பு ஊசி, ஒரு பக்கத்துக்கு ஒன்று, எடுத்து எறிந்துவிடுங்கள். இது கஞ்சத்தனம் பார்க்கக்கூடிய இடம் அல்ல. புது ஊசி முதல் சில சுற்றில் பள்ளத்தின் வடிவத்துக்குத் தேய்ந்து பொருந்தும்; பக்கம் முடியும்போது அதன் நுனியில் கூரான தோள் விழுந்திருக்கும். அதே ஊசியை அடுத்த தட்டில் வைத்தால் அந்தத் தோள் பள்ளத்தைச் செதுக்கும். பழைய தகரடப்பியில் துருப்பிடித்த ஊசி இருந்தால் டப்பியை வைத்துக்கொண்டு ஊசியை விட்டுவிடுங்கள். எல்.பி. தட்டை இதில் போட்டால் ஒரே ஓட்டத்தில் நாசம். உச்ச சுரத்தில் கிராமபோன் கரகரத்தால் தட்டைக் குறைசொல்லுமுன் ஊசி மாட்டும் வட்டத் தலையான ஒலிப்பெட்டியைப் பாருங்கள்: சவ்வைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும். சைக்கிள் வால்வ் டியூப் ரப்பரை அளவாக வெட்டிப் போட்டால் குரல் திரும்பும். சுருள்வில் இருக்கும் உருளையை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம், வில் பாய்ந்தால் கை கிழியும்.

வேகம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் 77 கோடு போட்ட வேகச்சோதனை அட்டை வேண்டும். அதைத் தட்டின்மேல் வைத்துச் சுழலவிட்டு மின்விளக்கின்கீழ் பார்க்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் 77.92. இணையத்தில் அகப்படும் 92 கோட்டு அட்டை அமெரிக்காவின் 60 ஹேர்ட்ஸுக்கு உரியது, இங்கே அதை நம்பி வைத்தால் வேகம் 65 ஆகிவிடும், பாகவதர் கட்டைக்குரலில் பாடுவார். பழைய சோக் வைத்த டியூப் லைட்டிலோ இழைக்குமிழிலோ பாருங்கள், எல்.ஈ.டி. குமிழ் பலவற்றில் கோடு தெரியாது. ஆனால் 1920களுக்கு முந்திய தட்டுகள் 78 இலேயே பதியப்பட்டவை அல்ல, 76ம் உண்டு, 80ம் உண்டு. அவற்றுக்குச் சுருதிப்பெட்டிதான் நீதிபதி: ஆர்மோனியக் கட்டையோடு ஒத்துப்போகும் வேகத்தில் நிறுத்துங்கள்.

கணினியில் பதிவதானால் இரண்டு சனலையும் தனித்தனியாக, 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் எடுங்கள். தட்டு மோனோதான், ஆனாலும் பள்ளத்தின் இரண்டு சுவரும் ஒரேயளவு தேய்ந்திராது. பதிந்தபின் இரண்டையும் கேட்டு, சுத்தமான சுவரை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அல்லது இரண்டையும் கூட்டினால் மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் அடிபட்டுப் போகும். பிளேயரில் 78 வேகம் இல்லாவிட்டால் 3 மில் ஊசியோடு 45 இல் ஓட்டி, ஒடாசிட்டி என்ற மென்பொருளில் வேகத்தை 73.33 வீதம் கூட்டலாம். ஊசியின் மெல்லிய ஒலியைக் கூட்டித் தரும் ஃபோனோ பெருக்கிகள் 1954 இல் வந்த எல்.பி. நியமத்துக்குச் செய்தவை, அதனால் 78 மந்தமாகக் கேட்கும். உயர்சுரத்தைக் கூட்டிக் கேளுங்கள். சரசரப்பை மென்பொருளால் முழுக்கத் துடைக்கப் போகாதீர்கள், குரலின் மூச்சும் சேர்ந்து போய்விடும். துடைக்காத மூலக் கோப்பை எப்போதும் தனியே வையுங்கள். கோப்பின் பெயரில் கம்பனி, பட்டியல் எண், அச்செண், பாடகர், பக்கம். லேபிளின் படம் கூடவே.

கடைசியாக ஒன்று, பெட்டியைக் கழுவத் தூக்குமுன் பார்க்க வேண்டியது. அச்சிட்ட லேபிளுக்குப் பதில் கையால் எழுதிய லேபிள், நடு ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னும் ஒன்று அல்லது மூன்று சின்ன ஓட்டை, ஓட்டையின் உட்சுவரிலோ விளிம்பிலோ அலுமினிய மினுக்கம், இவற்றில் ஏதாவது இருந்தால் அது அரக்குத் தட்டே அல்ல. உலோகத்தின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுப் பூசிய நேரடிப் பதிவுத் தட்டு. வானொலி நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் ஒரே ஒரு பிரதியாக வெட்டியவை. கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் ஒலிபரப்பத் தொடங்கி, ரேடியோ சிலோனாக வளர்ந்த நாடு இது. அப்படி ஒன்று மலைநாட்டுப் பெட்டிக்குள் வந்து கிடப்பது நடக்கக்கூடியது. அதன்மேல் தெரியும் வெள்ளை, பூஞ்சணம் மாதிரியே இருந்தாலும், பூச்சுக்குள்ளிருந்து கசிந்த கொழுப்பமிலமாக இருக்கலாம். பூச்சு சுருங்கி உரியும் நிலையில் இருக்கும், தண்ணீர் பட்டால் உரிந்துவரும், ஊசி வைத்தால் ஓர் ஓட்டத்தோடு முடிந்துவிடும். கழுவாமல், ஓட்டாமல், லேபிளைப் படமெடுத்து, நிமிர்த்தித் தனி உறையில் வைத்து, ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கும் நூலகம் நிறுவனத்துக்கோ, அந்த வகைத் தட்டைக் கையாளத் தெரிந்த ஒலி ஆவணக் காப்பாளர் ஒருவருக்கோ எழுதுங்கள்.